கோழி எருவைத் தின்ற புழுவும் அதைக் கூண்டில் வாழவைத்த ஆய்வாளரும்

பூச்சியிலிருந்து புரதம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஐரோப்பாவின் பெரிய பூச்சித் தொழிற்சாலைகள், அவற்றில் போடப்பட்ட கோடிக்கணக்கான முதலீடு, அப்புறம் அவற்றில் சில தடுமாறிய செய்தி. இந்தத் துறையின் ஆணிவேர் அங்கே இல்லை. அது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டிஃப்டன் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கிருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், முட்டைக் கோழிக் கூண்டுகளுக்குக் கீழே குவியும் எச்சத்தை வைத்துத்தான் அடிப்படை வேலைகளில் பெரும்பகுதி நடந்தது. அந்தக் குவியலை ஆராய்ந்தவர்களின் முதல் கவலை ஈத் தொல்லையும் எருக் குவியலும்தான். புரதம் அதோடு சேர்ந்து வந்த லாபம்.

இந்த வரிசை முக்கியமானது. கழிவைத் தீர்ப்பது முதல் வேலை, புரதம் அதற்குப் பிறகு என்று தொடங்கிய ஒரு அறிவியல், தொழிலாக மாறியபோது தலைகீழாகிவிட்டது. இன்றைய சிக்கல்களில் பாதிக்கு மேல் அதனால் வந்தவை என்றே நினைக்கிறேன். இதைப் புரிந்துகொள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் பேராசிரியர் ஜெஃப்ரி டாம்பர்லினின் ஆய்வு வாழ்க்கையைப் பின்தொடர்வது நல்ல வழி. தொண்ணூறுகளின் இறுதியில் ஆய்வு மாணவராகக் கையில் எடுத்த அதே ஈயை அவர் இன்னும் விடவில்லை.

முதலில் ஈயைப் பற்றி. அறிவியல் பெயர் ஹெர்மீஷியா இல்லுசென்ஸ். 1758-லேயே லின்னேயஸ் இதை விவரித்துவிட்டார். தமிழில் கருப்புப் படைவீரர் ஈ என்று எழுதுகிறார்கள். ஆனால் புழு வளர்ப்பவர்கள் வாயில் வருவது பி.எஸ்.எஃப் என்ற மூன்றெழுத்துதான். பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதி. மனிதர்களின் சரக்குப் போக்குவரத்தோடு சேர்ந்து உலகின் வெப்ப, மிதவெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்டது. ஐரோப்பாவில் இதன் முதல் பதிவு 1926-ல், மால்டா தீவில். இந்தியாவிலும் தாராளமாக உண்டு. மாடித்தோட்டத்துக்காகக் காய்கறிக் கழிவை மட்க வைப்பவர்கள், தொட்டியைக் கிளறும்போது சாம்பல் நிறத்தில் தட்டையாக நெளியும் புழுக்களைக் கண்டு திடுக்கிட்டிருப்பார்கள். பெரும்பாலும் அவை இந்த ஈயின் புழுக்களே.

வளர்ந்த ஈ பார்க்கக் குளவி மாதிரி இருக்கும். நீளம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். கடிக்காது, கொட்டாது. வீட்டு ஈயைப் போல மலத்துக்கும் சோற்றுக்கும் மாறி மாறிப் பறந்து நோய் பரப்பும் பழக்கம் இதற்கு இல்லை. வளர்ந்த பிறகு எதையுமே சாப்பிடாது, புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பில்தான் வாழ்ந்து முடிக்கும் என்று நீண்ட காலம் எழுதி வந்தார்கள். சர்க்கரை நீர் போன்றவை கிடைத்தால் குடிக்கும், குடித்தால் ஆயுளும் கூடும் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. எப்படிப் பார்த்தாலும் அதன் வாழ்நாள் ஓரிரு வாரம்தான். அதற்குள் இணைசேர்ந்து, ஒரு பெண் ஈ சுமார் 500 முட்டைகளை ஒரே கொத்தாக இட்டுவிட்டுச் சாகும். முட்டையைக் கழிவின் மேல் இடாது. பக்கத்தில் காய்ந்த இடுக்கு எங்கே இருக்கிறது என்று தேடி அதற்குள் இடும். நான்கு நாளில் பொரிந்து வெளிவரும் குஞ்சுப் புழு தானாகக் கழிவை நோக்கி ஊர்ந்து போகும்.

அங்கே அது தின்னத் தொடங்கினால் நிறுத்தாது. கோழி எச்சம், சாணம், அழுகிய பழம், சோறு, மீன் குடல், வடித்து முடித்த மதுபானத் தானியச் சக்கை எதுவானாலும் சரி. இரண்டு மூன்று வாரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவிலிருந்து கால் கிராமுக்குச் சற்றுக் குறைவான எடை வரை வளர்ந்துவிடும், அதாவது பல ஆயிரம் மடங்கு. உலர்த்தி எடுத்தால் அதில் சுமார் 40 சதவீதம் புரதம், 30 சதவீதம் வாக்கில் கொழுப்பு. தின்ற தீனியைப் பொறுத்து இவை கூடும், குறையும். தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலம் இந்தக் கொழுப்பிலும் நிறைய உண்டு. சுண்ணாம்புச் சத்தும் மற்ற பூச்சிகளைவிட அதிகம்.

வளர்ச்சி முடிந்ததும் நடப்பதுதான் இந்தக் கதைக்கே திருப்புமுனை. புழு கருத்து, குடலைக் காலி செய்துகொண்டு, ஈரக் குவியலை விட்டுக் காய்ந்த இருட்டிடம் தேடித் தானே வெளியே ஏறும். கூட்டுப்புழுவாக மாற அதற்கு அப்படியோர் இடம் வேண்டும். குவியலின் ஓரத்தில் சரிவான பாதை ஒன்றை அமைத்து, அதன் உச்சியில் ஒரு வாய்க்காலும் வாளியும் வைத்துவிட்டால், சலிக்காமல் பொறுக்காமல் புழுக்கள் தாமே வாளிக்குள் வந்து விழும். கழிவிலிருந்து தீவனத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைப் புழுவே செய்துவிடுகிறது.

இதைக் கவனித்து அமைப்பாக மாற்றியவர் கிரெய்க் ஷெப்பர்ட். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டிஃப்டன் வளாகத்தில் கால்நடைகளின் பூச்சித் தொல்லைகளை ஆராய்ந்தவர். மாடுகளைத் துன்புறுத்தும் கொம்பு ஈ, பைரித்ராய்டு மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்று வருவதை எண்பதுகளின் தொடக்கத்தில் பதிவு செய்தவர்களில் அவரும் ஒருவர். மருந்து தெளித்து ஈயை ஒழிப்பது நீண்ட நாள் ஓடாது என்பதை அவர் களத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அதே சமயம் பழைய கவனிப்பு ஒன்றும் கையில் இருந்தது. 1959-லேயே கலிபோர்னியாவில் ஃபர்மன் என்பவரும் அவருடைய சகாக்களும், பி.எஸ்.எஃப் புழு இருக்கும் எருவில் வீட்டு ஈ குறைவதாக எழுதியிருந்தார்கள்.

ஷெப்பர்ட் 1983-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் கூண்டுக் கோழிப் பண்ணையில் உறுதி செய்தது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு பழக்கமானது. மேலே கம்பிக் கூண்டுகளில் கோழிகள், கீழே எச்சம். அந்த எச்சத்தில் பி.எஸ்.எஃப் புழு அடர்ந்து பெருகினால் வீட்டு ஈ கிட்டத்தட்டக் காணாமலே போய்விடுகிறது. பெரிய புழுக்கள் எருவைக் கலக்கிக் குழம்பாக்கிவிடுவதால் வீட்டு ஈ அங்கே முட்டையிட விரும்புவதில்லை. இட்டாலும் அதன் புழுவுக்குத் தீனிப் போட்டி கடுமை. சில பண்ணையாளர்களுக்கு ஆரம்பத்தில் இந்தக் குழம்புதான் எரிச்சல். எரு கெட்டியாக நிற்காமல் வெளியே வழிகிறது என்று இந்த ஈயையே தொல்லைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். ஷெப்பர்ட் அதற்குத் தகுந்தபடி தொட்டி, சரிவு, வடிகால் என்று கொட்டகைத் தளத்தை வடிவமைத்தார்.

தீவனப் பக்கமும் இணையாகவே ஓடியது. உலர்ந்த புழுவைக் கோழிக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1973-ல் வந்தது. 1977-ல் பன்றிக்கு. 1981-ல் ஷெப்பர்டும் பொண்டாரியும் கெளுத்தி மீனுக்கும் திலாப்பியாவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இவற்றையெல்லாம் சேர்த்து 1994-ல் ஷெப்பர்டும் லாரி நியூட்டனும் மற்றவர்களும் எழுதிய கட்டுரைதான் இத்துறையின் தொடக்க ஆவணம் எனலாம். எருக் குவியல் பாதிக்கு மேல் குறைகிறது, வீட்டு ஈ அடங்குகிறது, கூடவே 42 சதவீதப் புரதமும் 35 சதவீதக் கொழுப்பும் கொண்ட தீவனம் கிடைக்கிறது என்றது அது. மூன்று பயன்களில் தீவனம் ஒன்று மட்டுமே என்பதைக் கவனியுங்கள். ஒரு பண்ணையாளர் அந்தப் புழுவில் ஒரு கிலோகூட விற்காமல் போனாலும், எருவை அள்ளும் செலவும் ஈ மருந்துச் செலவும் குறைந்த வகையில் அவருக்கு லாபம் இருந்தது.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. முட்டையிட வந்தவை காட்டு ஈக்கள். ஜார்ஜியாவின் வெயில் மாதங்களில் அவை தாமாகவே வந்தன. குளிர் தொடங்கினால் எதுவும் வராது. வடக்கே போகப் போக வெயில் காலமே சுருங்கிவிடும். பண்ணையில் கோழி தினமும் எச்சமிடும், ஈ மட்டும் சில மாதங்களே வரும் என்றால் அதை நம்பி யாரும் முதல் போட முடியாது. ஆண்டு முழுக்க முட்டை வேண்டும். அதற்கு ஈயைக் கூண்டில் தலைமுறை தலைமுறையாக வளர்க்க வேண்டும். அதுதான் நடக்க மறுத்தது. புழுவை வளர்ப்பது எளிது. ஈயாகப் பறப்பவை கூண்டுக்குள் இணைசேர்வதுதான் அரிது.

டாம்பர்லின் வருவது இங்கேதான். ஜார்ஜியாவில் இளநிலைப் பட்டம், கிளெம்சனில் முதுநிலை முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு மீண்டும் ஜார்ஜியா வந்து ஷெப்பர்டிடம் சேர்ந்தார். பட்டம் 2001-ல். தலைப்பு இந்த ஈயின் உயிரியல், நடத்தை, நச்சியல். கேட்பதற்குச் சாதாரணத் தலைப்பு. ஆனால் இன்று உலகில் எங்கே இந்தப் புழுப் பண்ணை இருந்தாலும் அது அந்த ஆய்வேட்டின் மேல்தான் நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அவர் செய்ததில் பெரும்பகுதி பொறுமையாக உட்கார்ந்து பார்த்தது. வெளியில் இந்த ஈக்களின் ஆண்கள் கூடி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு இலையில் அமர்ந்து காத்திருக்கும். வேறு ஆண் வந்தால் மேலெழுந்து மோதி விரட்டும். பெண் வந்தால் பறந்தபடியே பிடித்து, இணைந்த நிலையில் கீழே இறங்கும். 2001-ல் ஷெப்பர்டோடு சேர்ந்து அவர் இதை விவரித்து எழுதினார். இந்தச் சடங்குக்கு வெளிச்சம் வேண்டும், பறக்க இடம் வேண்டும், கூட்டம் வேண்டும். சிறு கூண்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் இது நடக்காதது ஏன் என்பதற்கு விடை அதிலேயே இருக்கிறது.

2002-ல் அடுத்தடுத்து வந்த கட்டுரைகளில் மற்ற விவரங்களும் தெளிவாயின. இணைசேர்வதோடு நெருங்கிய தொடர்புடையவை பொழுதும் வெளிச்சத்தின் அளவும். முட்டையிடுவதற்குப் பொழுதோடு வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கின்றன. கூட்டிலிருந்து வெளிவந்த இரண்டாம் நாள் வாக்கில் இணை, நான்காம் நாள் வாக்கில் முட்டை. கண்ணாடி வீட்டுக்குள் ஒரு பெரிய வலைக் கூண்டு, காலை வெயில், நாற்றமடிக்கும் ஈரத் தீனி ஒரு வாளியில், அதன் ஓரத்தில் நெளிவட்டைத் துண்டு, அதாவது பெட்டி செய்யப் பயன்படும் துளையுள்ள அட்டை. பெண் ஈ அந்த அட்டையின் துளைகளுக்குள் முட்டையைச் செருகிவிட்டுப் போகும். முட்டை சேகரிப்பதற்கான இந்த நெளிவட்டை உத்தி எவ்வளவு மலிவானது பாருங்கள். இதை எழுதி வெளியிட்டதால்தான் பிற்பாடு கென்யாவிலும் இந்தோனேசியாவிலும் சிறு குழுக்களால்கூட இதைத் தொடங்க முடிந்தது. இன்று அட்டைக்குப் பதில் அடுக்கிய மரச் சட்டங்களை வைப்பவர்கள் அதிகம். தத்துவம் அதேதான்.

அதே காலத்தில் ஷெப்பர்ட் தன் வளர்ப்பைச் சிறு தொழிலாகவும் ஆக்கினார். ஃபீனிக்ஸ் வோர்ம் என்ற பெயரில் வீட்டில் வளர்க்கும் பல்லி, ஓணான் வகைகளுக்கு உயிர்ப்புழுவாக விற்பனை. சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதுதான் அதன் விற்பனைச் சிறப்பு. இந்த விவரம் ஏன் என்றால், ஜார்ஜியாவில் கூண்டுக்குப் பழகிய அந்த ஈ வகை பின்னால் எவ்வளவு தூரம் போயிற்று என்பது தனிக் கதை. 2021-ல் வெளிவந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு, 50-க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 150 ஈக் கூட்டங்களை ஒப்பிட்டது. உலகெங்கும் பண்ணைகளில் வளர்க்கப்படுபவற்றில் பெரும்பாலானவை வட அமெரிக்க வம்சாவளி என்று தெரிந்தது. பண்ணையிலிருந்து தப்பியவை சில இடங்களில் உள்ளூர்க் காட்டு ஈக்களோடு கலந்தும் இருக்கின்றன. கூண்டில் இணைசேரப் பழகிய ஒரு வம்சம் கிடைத்ததும் எல்லாரும் அதையே கைமாற்றிக்கொண்டார்கள். அந்தந்த ஊர்த் தட்பவெப்பத்துக்குப் பழகிய காட்டு ஈயிலிருந்து வளர்ப்பைத் தொடங்கும் உழைப்பைப் பலர் தவிர்த்துவிட்டார்கள். இது வருந்த வேண்டிய விஷயம் என்பேன், ஏனென்றால் ஆய்வுகள் வகைக்கு வகை பெரிய வேறுபாடு இருப்பதைக் காட்டுகின்றன. வூஹான், குவாங்சோ, டெக்சாஸ் ஆகிய மூன்று இடத்து ஈக்களை ஒரே எருவில் வளர்த்து ஒப்பிட்ட 2013-ஆம் ஆண்டு ஆய்வில் வளர்ச்சி வேகமும் எருவைக் குறைக்கும் திறனும் வேறுபட்டன. அந்த ஆய்விலும் டாம்பர்லின் உண்டு.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு அவர் டெக்சாஸுக்குப் போனார். முதலில் ஸ்டீஃபன்வில். அது பால் பண்ணைகள் நிறைந்த வட்டாரம். அங்கே சாணம் என்பது வெறும் நாற்றப் பிரச்சினை இல்லை, அரசியல் பிரச்சினை. மழையில் கரைந்து போகும் சாணத்தின் பாஸ்பரஸ் வடக்கு பாஸ்கே ஆற்றில் சேர்ந்து, அதிலிருந்து வேக்கோ நகரத்தின் குடிநீர் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. பண்ணைகள் மீது நகரம் வழக்குப் போடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. அந்தச் சூழலில்தான் டாம்பர்லினும் அவருடைய மாணவர்களும் மாட்டுச் சாணத்தைப் புழுவுக்குக் கொடுத்து அளந்தார்கள். 2008-ல் வந்த முடிவுகளின்படி, கொடுத்த தீனியின் அளவைப் பொறுத்து சாணத்தின் உலர் எடை 33 முதல் 58 சதவீதம் வரை குறைந்தது. பாஸ்பரஸ் 60 சதவீதத்துக்கு மேல், நைட்ரஜன் 30 முதல் 50 சதவீதம் குறைந்தது. சத்துகள் மாயமாகிவிடவில்லை. பாஸ்பரஸில் ஒரு பங்கு புழுவின் உடம்புக்குள் போய்விட்டது. புழுவை அந்த வட்டாரத்துக்கு வெளியே விற்றால் அந்தப் பங்கும் ஏரிக்குப் போகாமல் வெளியே போய்விடும். குறைவாகத் தீனி கொடுத்தால் கழிவு அதிகம் கரையும், நிறையக் கொடுத்தால் புழு பெருக்கும் என்ற இழுபறியும் இந்த ஆய்விலேயே தெரிந்தது. கழிவைத் தீர்ப்பதா, புரதம் எடுப்பதா என்பதை ஒவ்வொரு தட்டிலும் முடிவு செய்தே ஆக வேண்டும்.

நுண்ணுயிர் பக்கமும் இதோடு சேர்ந்தது. ஈ. கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் கோழி எருவில் புழு வளரும்போது குறைவதை 2004-ல் ஜார்ஜியா குழு காட்டியது. மாட்டுச் சாணத்தில் ஈ. கோலை குறைவதை 2008-ல் டாம்பர்லின் குழு காட்டியது. ஆனால் வெப்பநிலை, எருவின் வகை மாறினால் முடிவும் மாறுகிறது. ஆகவே புழு தின்றாலே கிருமி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொரு திசையில், சீனாவின் ஹுவாஜோங் வேளாண் பல்கலைக்கழகத்தோடு அவர் நீண்ட நாள் கூட்டாகச் செய்த ஆய்வுகள் வந்தன. பெண் ஈ எங்கே முட்டையிடுவது என்று தீர்மானிப்பதில் முட்டைகளின் மேலிருக்கும் பாக்டீரியாவுக்கே பங்கு உண்டு என்று 2013-ல் காட்டினார்கள். அதற்கு முன் 2010-ல், அதே கூட்டணி செயற்கை விளக்கு வெளிச்சத்திலேயே இணைசேர வைத்தது. குவார்ட்ஸ் அயோடின் விளக்கின் கீழ் சூரிய வெளிச்சத்தில் கிடைத்ததில் சுமார் 60 சதவீத இணைசேர்க்கை நடந்தது. வெயிலே எட்டிப் பார்க்காத டிசம்பர் மாதத்து ஐரோப்பிய ஊரிலும் இந்தப் பண்ணையை நடத்தலாம் என்ற கதவு அப்போதுதான் திறந்தது.

டாம்பர்லினின் இன்னொரு முகத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் தடயப் பூச்சியியல் நிபுணரும்கூட. பிணத்தில் எந்த ஈயின் புழு எந்த வளர்ச்சியில் இருக்கிறது என்பதைக் கொண்டு இறந்து எவ்வளவு நாளாயிற்று என்று கணக்கிடுவது அந்தத் துறை. பி.எஸ்.எஃப் ஈயும் பிணங்களுக்கு வரும். குறிப்பிட்ட வெப்பநிலையில் அது எத்தனை நாளில் வளர்கிறது என்ற அட்டவணை நீதிமன்றத்துக்கும் வேண்டும், பண்ணைக்கும் வேண்டும். 2009-ல் அவர் குழு வெளியிட்ட வெப்பநிலை ஆய்வு இரண்டுக்குமே பயன்படும் ஒன்று. 27, 30 டிகிரியில் நன்றாக வளர்ந்து ஈயானவை, 36 டிகிரியில் கிட்டத்தட்ட ஒன்றுகூட முழு ஈயாகவில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஈக் கூண்டு வைக்க நினைப்பவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, ஆய்வகத்திலிருந்து தொழிலுக்கு வருவோம். 2013-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு உண்ணத்தகு பூச்சிகள் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. மீன் தூள் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. பெரு நாட்டுக் கடலின் நெத்திலி வகை மீனைத்தான் உலகத்தின் மீன் தூள் பெருமளவு நம்பியிருக்கிறது. எல் நினோ வந்தால் அது படுத்துவிடும். 2023-ல் பெருவில் அந்த ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவமே கைவிடப்பட்டது. இன்னொரு பக்கம் 2022-ல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிடுகிறது. வீணாகும் உணவைப் புழுவுக்குக் கொடு, புழுவை மீனுக்குக் கொடு என்ற கணக்கு காகிதத்தில் பிரமாதமாக இருந்தது. பணம் கொட்டியது. டாம்பர்லினும் ஈவோ கன்வெர்ஷன் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தை இணைந்து தொடங்கினார்.

அப்போதுதான் சட்டம் குறுக்கே வந்தது. அது காரணமில்லாமல் வந்த சட்டம் இல்லை. கால்நடைகளுக்குக் கால்நடைகளின் எலும்புத் தூளையே தீவனமாகக் கொடுத்ததால் பரவிய பைத்தியப் பசு நோய் ஐரோப்பாவை உலுக்கியிருந்தது. 2001 முதல் பண்ணை விலங்குகளுக்கு விலங்குப் புரதம் கொடுக்க அங்கே கடும் தடை. பூச்சி வளர்ப்பு வந்தபோது, ஐரோப்பிய ஒன்றியம் பூச்சியையும் பண்ணை விலங்கு என்றே வகைப்படுத்தியது. 2017 ஜூலை முதல் ஏழு வகைப் பூச்சிகளின் புரதத்தை மீன் தீவனத்தில் சேர்க்கலாம் என்றும், 2021-ல் கோழி, பன்றித் தீவனத்திலும் சேர்க்கலாம் என்றும் அனுமதி வந்தது. ஆனால் பண்ணை விலங்கு என்ற காரணத்தால் அந்தப் பூச்சிக்கு எருவைக் கொடுக்கக் கூடாது, உணவக மிச்சத்தையும் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவிலும் 2016-ல் சால்மன் வகை மீன்களுக்கான தீவனம் என்று தொடங்கி அனுமதி படிப்படியாகத்தான் வந்தது, அதுவும் தீவனத் தரமுள்ள தீனியைத் தின்ற புழுவுக்கு.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கோழி எச்சத்தைக் கரைக்க உருவான முறை, கோழி எச்சத்தைத் தொடக் கூடாது என்று ஆயிற்று. பிறகு பெரிய பண்ணைகள் எதைக் கொடுத்தன? தவிடு, மதுபானச் சக்கை, மாவு ஆலை, உருளைக்கிழங்கு ஆலைக் கழிவுகள். பிரான்சின் இன்னோவாஃபீட் நிறுவனம் நெல் என்ற ஊரில் கோதுமை மாவுச்சத்து ஆலைக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டது. ஆலையின் உபபொருள் நேராகப் புழுவுக்கு வருகிறது. அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் தவிடும் சக்கையும் ஏற்கெனவே மாடும் பன்றியும் தின்கிற பொருள்கள், அவற்றுக்குச் சந்தை விலை உண்டு. காசு கொடுத்துத் தவிடு வாங்கி, குளிர் நாட்டில் சூடேற்றி, புழு வளர்த்து, உலர்த்தி, அரைத்து, கடைசியில் சோயாப் புண்ணாக்கோடும் மீன் தூளோடும் விலையில் போட்டி போட வேண்டும். சுற்றுச்சூழல் கணக்கும் அதே இடத்தில்தான் தட்டுகிறது. வீணாகப் போகிற கழிவைத் தின்ற புழுவின் கரிமக் கணக்கு நன்றாக வரும். மாடு நேரடியாகத் தின்றிருக்கக் கூடிய தீவனத்தைத் தின்ற புழுவின் கணக்கு அப்படி வராது, நடுவில் ஒரு படி கூடுகிறது, ஒவ்வொரு படியிலும் இழப்பு.

மாவுப்புழு வளர்த்த பிரான்சின் இன்செக்ட் நிறுவனம் 50 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2024-ல் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்கும் நிலைக்கு வந்தது. அது வேறு பூச்சி, ஆனால் கணக்குச் சிக்கல் இதே குடும்பம். பி.எஸ்.எஃப் வளர்க்கும் நெதர்லாந்தின் புரோட்டிக்ஸ் 2019-ல் அந்த நாட்டு அரசரைக் கொண்டு பெரிய ஆலையைத் திறந்தது, 2023-ல் அமெரிக்க இறைச்சி நிறுவனமான டைசன் அதில் பங்கு வாங்கியது. எல்லாரும் விழவில்லை. ஆனால் தாக்குப்பிடிப்பவர்கள் பெரும்பாலும் செல்லப்பிராணித் தீவனம் போல விலை கூடக் கொடுக்கும் சந்தையை நாடிப் போகிறார்கள். உலகத்தின் புரதப் பற்றாக்குறையைத் தீர்ப்பதாகச் சொல்லித் தொடங்கிய துறை நாய் பிஸ்கட்டில் வந்து நிற்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எருவைக் கொடுக்கத் தடை போட்டது தவறு என்று நான் சொல்லவரவில்லை. கழிவில் காட்மியம் இருந்தால் அது புழுவின் உடம்பில் சேர்ந்துவிடும் என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஸ்டீஃபன் டீனரின் ஆய்வு தெளிவாகக் காட்டியது. அப்லாடாக்ஸின் போன்ற பூஞ்சை நஞ்சு அப்படிச் சேர்வதில்லை. பைத்தியப் பசு நோய்க்குக் காரணமான பிரியான் விஷயத்தில் அரசுகள் அவசரப்பட முடியாது. ஆனால் புழுவைத் தீவனமாக விற்கத் தடை என்பதும், புழுவைக் கொண்டு கழிவைத் தீர்க்கத் தடை என்பதும் ஒன்றல்ல. எருவைத் தின்ற புழுவின் கொழுப்பை எரிபொருளாக்கலாம், மிச்சத்தை உரமாக்கலாம். ஷெப்பர்டின் பழைய கணக்கில் விற்பனையே இல்லாவிட்டாலும் லாபம் இருந்ததே, அந்தக் கணக்கைத்தான் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள்.

கைவிடாதவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஈவாக் நீர் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டீனர், கோஸ்டாரிகாவில் நகரக் குப்பையை வைத்து வேலை செய்து 2010-ல் முனைவர் பட்டம் பெற்றார். அதே நிறுவனம் பிறகு இந்தோனேசியாவின் சுரபயா பகுதியில் சந்தைக் கழிவோடு பழகி, 2017-ல் யார் வேண்டுமானாலும் பின்பற்றக்கூடிய செயல்முறைக் கையேடு ஒன்றை வெளியிட்டது. ஐந்து நாள் வயதுப் புழு 10,000, ஈரக் கழிவு 15 கிலோ, ஒரு பிளாஸ்டிக் தட்டு, 12 நாள் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. கழிவு நல்லதாக இருந்தால் ஒரு டன்னுக்கு 200 கிலோ வரை உயிர்ப்புழு கிடைக்கும். நைரோபியில் குடிசைப் பகுதிகளில் கழிப்பறைகளை நடத்திய சானர்ஜி நிறுவனம், அங்கே சேர்ந்த மனிதக் கழிவையே புழுவுக்குக் கொடுத்துத் தீவனமும் உரமும் செய்தது. அதே நகரத்தில் இருக்கும் பன்னாட்டுப் பூச்சி ஆய்வு மையமான இசிபே, சிறு விவசாயிகளுக்கு இந்த வளர்ப்பைப் பழக்குகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் கோழித் தீவனத்துக்குப் போடும் சிறு மீன் மனிதர்கள் உண்ணும் மீனும்கூட, அதனால் அங்கே புழுவின் மதிப்பே வேறு. இந்த இடங்களிலெல்லாம் வெப்பத்துக்குச் செலவில்லை, கழிவை வேறு யாரும் கேட்பதில்லை, கழிவை அகற்றினாலே அதற்கொரு மதிப்பு உண்டு.

டாம்பர்லினின் இப்போதைய வேலை இந்த இழுபறியின் நடுவில்தான் நடக்கிறது. 2021-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவோடு, பூச்சிப் பண்ணை வழிச் சுற்றுச்சூழல் நிலைத்தன்மைக்கான மையம் ஒன்று தொடங்கியது. டெக்சாஸ் ஏ அண்ட் எம், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம், இண்டியானாபொலிஸில் உள்ள பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்தது, அவர் இயக்குநர். நிறுவனங்கள் சந்தா கட்டி, எந்தக் கேள்விகளை ஆராய்வது என்று கூட்டாக முடிவு செய்யும் அமைப்பு. போட்டி நிறுவனங்கள் ரகசியமாக வைத்திருக்கும் அடிப்படைச் சிக்கல்களைப் பொதுவில் கொண்டுவர இது ஒரு வழி.

அந்தச் சிக்கல்களில் முதன்மையானது அளவு. இத்துறையின் பழைய அட்டவணைகளில் பெரும்பாலானவை சில நூறு புழுக்களை ஒரு டப்பாவில் வளர்த்து எழுதியவை. பண்ணைத் தட்டில் பத்தாயிரக்கணக்கில் புழு சேர்ந்தால் அவற்றின் அசைவிலேயே வெப்பம் ஏறி, நடுப்பகுதி 40 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே பொருந்தும் நியதி வேறு. மூன்று வகை எருவைப் பெரிய அளவில் கொடுத்து வளர்த்து 2020-ல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வு, சிறு அளவில் கிடைத்த எண்களை அப்படியே பெருக்கிப் போட்டால் ஏமாற்றம்தான் என்று காட்டியது. அடுத்தது தீனி. ஆலைத் தவிடு தினமும் ஒரே மாதிரி வரும். சந்தைக் கழிவு திங்கள்கிழமை வாழைத்தார், செவ்வாய்க்கிழமை முட்டைக்கோஸ் இலை. அதற்குப் புழுவைப் பழக்குவதா, கழிவைக் கலந்து சமப்படுத்துவதா, பாக்டீரியாவைச் சேர்த்து முன்கூட்டியே பதப்படுத்துவதா என்பதில் இன்னும் ஒருமித்த பதில் வரவில்லை.

தமிழ்நாட்டிலும் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் சிலர் சந்தைக் கழிவில் இந்தப் புழுவை வளர்த்து அன்றன்றே கோழிக்குப் போடுகிறார்கள். உலர்த்துவது, அரைப்பது, பை போடுவது எதுவும் கிடையாது. தீவன மூட்டையில் மிச்சமாகும் பணமும், குப்பைக் குழி நிரம்பாமல் இருப்பதுமே அவர்களுடைய வரவு. 1994-ல் ஷெப்பர்ட் எழுதிய கணக்கும் ஏறக்குறைய இதுதான்.